கீபோர்டில் கமகம்: சுருதி வளைவு எண்களின் வரலாறு

கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்திய பிறகு அதை மேலும் கீழும் நகர்த்த உதவும் ஏற்பாடு பிட்ச் பெண்ட், அதாவது சுருதி வளைவு. கருவியின் இடது ஓரத்தில் இருக்கும் சக்கரத்தையோ நெம்புகோலையோ வாசிப்பவர் இடக்கையால் அசைப்பார். அந்த அசைவு எண்ணாக மாறி, மிடி என்ற பொது மொழியில் இன்னொரு கருவிக்கோ கணினிக்கோ போய்ச் சேரும். எண் ஒன்றுதான். ஆனால் அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் இயங்குதளங்களும் அவற்றில் ஓடும் செயலிகளும் ஒரே விதமாகப் படிப்பதில்லை. ஒரு கணினியில் ஒழுங்காக ஒலித்த ராகம் இன்னொன்றில் சுருதி விலகி ஒலிப்பதற்கு இதுவே காரணம். பியானோ போல நின்ற சுரங்களை மட்டும் வாசிப்பவர் இந்தக் குறையைக் கவனிக்காமலே காலம் தள்ளிவிடலாம். சுரம் அசைந்தால்தான் ராகம் என்று கொள்ளும் தமிழ்நாட்டு இசைக்கு அது முடியாது. அதனால் இந்த எண்களின் கதையை, கமகம் என்னும் அந்த அசைவின் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அசையும் சுரத்துக்கும் நின்ற சுரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கூத்து மேடையிலேயே பார்க்கலாம். தொப்பூர் கணவாய்க்கு வடக்கே தருமபுரி, தெற்கே ஓமலூரும் சேலமும். இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடப்பது வழக்கம். கூத்து மேடையில் மத்தளம், தாளத்தோடு முகவீணையும் ஆர்மோனியமும் பின்னால் அமர்ந்திருக்கும். இரண்டும் காற்றால் ஒலிப்பவை. குணத்தில் நேர் எதிரானவை. முகவீணையில் துளையை விரல் பாதி மூடினாலோ சீவாளியை உதடு சற்று அழுத்தினாலோ சுரம் வழுக்கிக்கொண்டு போகும். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் தனிப் பித்தளை நாக்கு. அந்த நாக்கின் நீளமும் கனமும் எந்தச் சுரத்துக்கு அறுக்கப்பட்டனவோ, அந்தச் சுரம்தான் வரும். துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடுமே தவிர, சொல்லிக்கொள்ளும்படி சுரம் நகராது. பாடுகிறவர் தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைக்கும்போது முகவீணை கூடவே போகும். ஆர்மோனியக்காரர் பக்கத்துக் கட்டைகளை மின்னல் வேகத்தில் தொட்டுத் தொட்டு அந்த அசைவின் சாயலை மட்டும் காட்டுவார்.

பாரிசில் அலெக்சாண்டர் டெபேன் 1840களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற கருவி ஆர்மோனியம். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றிய பிறகு இந்தியா முழுவதும் பரவியது. தமிழ் நாடக மேடையில் அது இல்லாமல் ஒரு காட்சிகூட நகர்ந்ததில்லை. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். கதாகாலட்சேபக் குழுவில் ஆர்மோனியக்காரராகத் தொடங்கிய ஜி. ராமநாதன் பின்னாளில் இசையமைப்பாளரானார். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சின் ‘மந்திரி குமாரி’ உள்ளிட்ட படங்களுக்கு அவர் இசையமைத்தார். எம்.எஸ். விசுவநாதனும் இளையராஜாவும் மெட்டுப் போட்டதும் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துத்தான். பாடுகிறவர்கள் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்லும் வழக்கமும் இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணியதால் வந்ததே.

இத்தனை செல்வாக்கு இருந்தும் அதன்மேல் இருந்த குற்றச்சாட்டு ஓயவில்லை. சுரங்களை அசைக்க முடியாத கருவி இந்திய இசையைக் கெடுக்கிறது என்ற வாதம் வலுத்து, 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. தடை தளர்ந்தது 1971இல். தனி வாசிப்பாகவே கர்நாடக இசையை ஆர்மோனியத்தில் தந்த பல்லடம் வெங்கடரமண ராவ் போன்றவர்கள், நின்ற சுரக் கட்டைகளிலும் விரல் நுணுக்கத்தால் ராகத்தின் தோற்றத்தைக் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். ஆனாலும் அது தோற்றம்தான். கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் இருக்கும் வெளியில் ஆர்மோனியத்தால் நிற்க முடியாது.

அந்த வெளியை எண்ணால் அளக்கும் முயற்சியும் தமிழ்நாட்டில் பழையது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி வகுத்து, சுரத்தின் தலைமேல் எழுதிக் காட்டியது. ஒரு சுரம் எப்படி அசைகிறது என்பதைத் தாளில் பதிய முடியும் என்று அது நிறுவியது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ ஒரு ஸ்தாயியை 24 சம சுருதிகளாகப் பகுத்துக் கணக்கிட்டது. அந்தப் பகுப்பை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தூரத்தைக் கணிதமாக, தசமப் புள்ளி வரை போய்ப் பேசலாம் என்ற துணிவை அந்த நூல் தந்தது. பின்னாளில் கணினி செய்வதும் அதே வேலைதான். அரைச்சுரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டு, ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று அது அளக்கிறது.

மின்கருவிகள் வந்ததும் கட்டைக் கருவிக்கு வளையும் வழி கிடைத்தது. 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் மகுடியாகக் கேட்டது பெரும்பாலும் கிளாவியோலின் என்னும் மின்கட்டைக் கருவி. கையை வைத்தே சுரத்தை வளைக்கும் சக்கரம் பரவலாகத் தெரிய வந்தது 1970இல் வெளியான மினிமூக் சிந்தசைசரில். ராபர்ட் மூக்கின் நிறுவனத்தில் உருவான அந்தக் கருவியின் இடது பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று சுருதிக்கு, மற்றொன்று ஒலியின் அதிர்வுக்கு. பிறகு வந்த நிறுவனங்கள் தத்தம் வழியில் போயின. ரோலண்ட் இடவலமாக ஆடும் நெம்புகோலை வைத்தது, கோர்க் ஜாய்ஸ்டிக்கை வைத்தது. பெரும்பாலானவற்றில் கையை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். கமகம் வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. சக்கரத்தில் பழகிய இடக்கை நெம்புகோலில் அதே ஜாருவை, அதாவது வழுக்கலைப் பிடிக்கச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு மொழி தேவைப்பட்டது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் 1981இல் பொது இணைப்புக்கான திட்டத்தை முன்வைத்தார். ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கெஹாஷி ஜப்பானிய நிறுவனங்களை அதில் சேர்த்தார். 1983 ஜனவரியில் நடந்த வணிகக் கண்காட்சியில் புரொஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு வெவ்வேறு நிறுவனக் கீபோர்டுகள் ஒரே கேபிளில் இணைந்து ஒலித்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விதிநூல் வெளியானது.

விதிநூலில் சுருதி வளைவு மூன்று பைட்டுகளாக அமைந்தது. முதல் பைட்டு 224க்கும் 239க்கும் இடையில் இருக்கும். இது வளைவுச் செய்தி என்பதையும் 16 சேனல்களில் எதற்கு உரியது என்பதையும் அது சொல்லும். அடுத்த இரண்டும் வளைவின் அளவு. மிடியில் அளவைச் சொல்லும் பைட்டு 0 முதல் 127 வரைதான் போகலாம், மேல் பிட் கட்டளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. 128 படிகள் ஒலியின் கனத்துக்குப் போதும், சுருதிக்குப் போதாது. காது படிகளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் இரண்டு பைட்டுகளைச் சேர்த்து 16384 படிகள் ஆக்கினார்கள். சிறிய பைட்டு முதலில் வரும், பெரியது பிறகு. பெரியதை 128ஆல் பெருக்கிச் சிறியதைக் கூட்டினால் அளவு கிடைக்கும். சக்கரம் நடுவில் நிற்கும்போது வரும் பைட்டுகள் 224, 0, 64. அதாவது 64 பெருக்கல் 128, விடை 8192. முழுக்கக் கீழே இழுத்தால் 0, முழுக்க மேலே தள்ளினால் 16383.

இந்த எண்களில் சுரம் இல்லை என்பதுதான் முக்கியம். 8192க்கு மேலே 4096 படி ஏறினால் அது அரைச்சுரமா, ஆறு அரைச்சுரமா என்பதைச் செய்தி சொல்வதில்லை. முழுவீச்சு எத்தனை அரைச்சுரம் என்பது ஒலிக்கும் கருவியிடம் இருக்கிறது. 1991இல் வந்த ஜெனரல் மிடி தரம் அதை மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்று இயல்பாக வைத்தது. வேறு வீச்சு வேண்டுமென்றால் தனியாகக் கட்டளை அனுப்ப வேண்டும். ஆகவே, வளைவு சரியாக ஒலிக்க மூன்று உடன்பாடுகள் வேண்டும்: நடு எங்கே, வீச்சு எவ்வளவு, பைட்டு வரிசை என்ன. இயங்குதளங்களுக்கு இடையே நாற்பதாண்டுகளாக வந்த தொல்லைகளில் பெரும்பங்கு இந்த மூன்றில் ஒன்று மாறிப்போனதால் வந்ததே.

இரண்டு அரைச்சுர வீச்சு தோடிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. தோடியின் சாதாரண காந்தாரம் கட்டையில் நிற்கும் இடத்தில் நிற்பதே இல்லை. கீழே சுத்த ரிஷபத்தின் பக்கமும் மேலே சுத்த மத்திமத்தின் பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும். காந்தாரக் கட்டையிலிருந்து அந்த ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே. மத்திமம் இரண்டு அரைச்சுரம் மேலே. வலக்கை ஒரே கட்டையைப் பிடித்திருக்க, இடக்கை சக்கரத்தை முழுவதும் கீழே இழுத்து மேலே தள்ளினால் அசைவின் இரு எல்லைகளும் கிடைத்துவிடும். ஆனால் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவாகப் போக ஏழு அரைச்சுரம் வேண்டும். அதற்கு வீச்சைப் பன்னிரண்டாக்க வேண்டும். ஆக்கினால் தோடி காந்தாரத்துக்குச் சக்கரத்தை முன்பைவிட ஆறில் ஒரு பங்குதான் அசைக்கலாம். கைக்கு அந்த நுணுக்கம் எளிதில் வராது. கர்நாடக இசையைக் கீபோர்டில் கச்சேரியாகவே வாசிக்கும் கே. சத்தியநாராயணன் போன்றவர்களின் வாசிப்பைக் கேட்டால், வலக்கை விரல்கள் தொட்டுத் தரும் அனுசுரங்களும் இடக்கை தரும் வளைவும் எவ்வளவு கணக்காகப் பங்கு பிரித்துக்கொள்கின்றன என்பது புரியும்.

சென்னையில் கணினி திரையிசைக்குள் வந்தது 1980களின் நடுவில். 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்ன’னுக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் இசைக்கணினியைப் பயன்படுத்தினார். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரகுமான் 1989இல் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கி, 1992இல் ‘ரோஜா’வோடு இசையமைப்பாளரானார். வாத்தியக்காரர்கள் கூடி வாசித்துப் பதிவதோடு, ஒருவர் கணினி முன் அமர்ந்து டிராக் டிராக்காகக் கட்டும் முறையும் அதன்பின் தொழிலாகவே வளர்ந்தது. அப்படிக் கட்டுபவருக்குப் புரோகிராமர் என்ற பெயரும் நிலைத்தது. ஊர்ப்புறங்களில் இன்னிசைக் கச்சேரிக் குழுக்களுக்குக் கீபோர்டு உயிர்நாடியானது. ரோலண்ட், யமஹா, கோர்க், காசியோ நிறுவனங்கள் நாதஸ்வரம், வீணை, சித்தார் டோன்களோடு இந்தியாவுக்கென்றே கீபோர்டுகளை விற்றன. சினிமாப் பாடல்களின் மிடி கோப்புகள் ஃப்ளாப்பியிலும் பிறகு பென்டிரைவிலும் கைமாறின. ஒருவர் ஒரு கணினியில் கட்டியதை இன்னொருவர் வேறு கணினியில் திறக்கும் நிலை வந்ததும், வளைவுத் தொல்லை வீட்டுக்கு வீடு வந்தது.

இயங்குதளங்கள் மிடிக்குத் தனித்தனியாக வாசல் கட்டின. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் உடலிலேயே இருந்ததால் உலகெங்கும் ஸ்டுடியோக்கள் அதை விரும்பின. மைக்ரோசாஃப்ட் 1990களின் தொடக்கத்தில் விண்டோசில் பல்லூடக வசதியைச் சேர்த்தபோது, மூன்று பைட்டுகளையும் ஒரே 32 பிட் எண்ணுக்குள் அடுக்கி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. கட்டளை பைட்டு கீழ்ப்பகுதியில், அதற்கு மேலே சிறிய பைட்டு, அதற்கும் மேலே பெரிய பைட்டு. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் கோர்மிடி என்ற பகுதியின் வழியாகப் பைட்டுகளை வந்த வரிசையிலேயே பொட்டலமாகத் தந்தது. லினக்சின் ஒலி அமைப்பான ஆல்சா வேறு முடிவெடுத்தது. அதன் சீக்வென்சர் பகுதியில் வளைவைப் பைட்டாகக் காட்டாமல் கூட்டல் கழித்தல் குறியுள்ள எண்ணாகக் காட்டியது: நடு 0, கீழே −8192, மேலே 8191. மனிதர் யோசிக்கும் விதத்துக்கு இதுவே நெருக்கம். ஆனால் கம்பியில் ஓடும் எண்ணுக்கும் நிரல் எழுதுபவர் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் 8192 வித்தியாசம் வந்துவிட்டது.

செயலிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஃப்ளூயிட்சிந்த் என்னும் மென்பொருள் சிந்தசைசர் 0 முதல் 16383 வரை கேட்கும். பைத்தான் மொழிக்கான மிடோ நூலகம் −8192 முதல் 8191 வரை தரும். இதில் விசித்திரமானது மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற இசை நிரலாக்க மென்பொருள். அதில் வளைவை உள்ளே வாங்கும் பெட்டி 0 முதல் 16383 வரை எண் தருகிறது. வெளியே அனுப்பும் பெட்டி −8192 முதல் 8191 வரை எதிர்பார்க்கிறது. உள்ளே வந்ததை அப்படியே வெளியே கொடுத்தால் சுருதி போய்விடும், இடையில் 8192ஐக் கழிக்க வேண்டும். இது குறை என்று எல்லாருக்கும் தெரிந்தும், திருத்தினால் ஏற்கெனவே எழுதப்பட்ட படைப்புகள் கெடும் என்பதால் அப்படியே நிற்கிறது. இந்த முடிவு நியாயமானதுதான். இசைக்கருவியில் பழைய வாசிப்பைக் காப்பது புதிய ஒழுங்கைவிடப் பெரிது.

இந்தக் குழப்பம் காதில் எப்படி வரும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். நடுவை 0 என்று வைத்திருக்கும் செயலி அந்த 0ஐ 16383 கட்சிக் கருவிக்கு அனுப்பினால், கருவி அதை முழுக்கக் கீழ் இழுப்பு என்று கொள்ளும். வீச்சு இரண்டாக இருந்தால் பாட்டு முழுவதும் சரியாக இரண்டு அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் போக வேண்டிய பாட்டு நாலு கட்டையில் போகும். சக்கரத்தை மேலே தள்ளினால் மெல்ல ஏறி, முழுவதும் தள்ளிய பிறகே ஐந்து கட்டைக்கு வரும். ஒரு துளி கீழே இழுத்தாலோ −1 என்ற எண் பிட்டுகளில் மடங்கி 16383 ஆகி, சுரம் நாலு அரைச்சுரம் துள்ளி உச்சிக்குப் போகக்கூடும். எதிர்த்திசையில் நடந்தாலும் விளைவு ஏறக்குறைய இதேதான். 8192ஐ நடு என்று நினைத்து ஆல்சாவுக்குக் கொடுத்தால், அது இன்னொரு 8192ஐக் கூட்டி 16384 ஆக்கும். 14 பிட்டில் அதற்கு இடமில்லை. மேல் பிட் வெட்டுப்பட்டு 0 ஆகும். மறுபடியும் நாலு கட்டை. ஆகவே தாளமும் டோனும் சரியாக இருந்து, பாட்டு மட்டும் சரியாக ஒரு முழுச்சுரம் இறங்கி ஒலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுவைத்தான்.

பைட்டு வரிசை மாறினாலும் சுரம் கீழேதான் விழும், ஆனால் நடத்தை வேறு. 0, 64 என்பது 64, 0 என்று படிக்கப்பட்டால் அளவு வெறும் 64; பாட்டு முழுச்சுரத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக இறங்கி நிற்கும். சக்கரத்தை நிதானமாக நகர்த்தினால் சிறிய பைட்டின் துடிப்பெல்லாம் பெரிய பைட்டாகி, சுரம் எங்கெங்கோ தாவும். மலிவான கீபோர்டுகள் சில பெரிய பைட்டை மட்டும் அனுப்பிச் சிறியதை எப்போதும் 0 ஆகவே வைத்திருக்கும். அப்படிப்பட்டதில் வரிசை மாறினால் தாவல்கூட இராது. சக்கரம் செத்ததுபோல் இருக்கும்.

பெரிய பைட்டை மட்டும் அனுப்பும் கருவிகள் வரிசை சரியாக இருக்கும்போதும் குறை தருபவை. முழுக்க மேலே தள்ளினாலும் 127 பெருக்கல் 128, அதாவது 16256 வரைதான் போகும். இரண்டு அரைச்சுர வீச்சில் 200 சென்டுக்குப் பதில் 197 சென்டிலேயே நின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை படிகளின் அகலம். முழு 14 பிட்டில், இரண்டு அரைச்சுர வீச்சில் ஒரு படி 0.024 சென்ட், எந்தக் காதுக்கும் எட்டாது. 7 பிட்டில் அது 3 சென்டுக்குச் சற்று மேல்; வேகமான கம்பித அசைவில் தெரியாது. வீச்சைப் பன்னிரண்டாக்கினால் ஒரு படி 18.75 சென்ட். பஞ்சமத்துக்குப் போகும் ஜாரு வழுக்குவதற்குப் பதில் படிக்கட்டில் ஏறுவதுபோல் கேட்கும். பிரமாண சுருதி என்று சங்கீத சாத்திரம் சொல்லும் இடைவெளியே 21.5 சென்ட்தான் என்பதை நினைத்தால், இந்தக் குறையின் அளவு தெரியும்.

வீச்சு மாறும்போது வரும் கோளாறு இவற்றில் மிகக் கொடுமையானது. நின்ற சுரங்கள் அனைத்தும் சரியாக ஒலிக்கும்; அசைக்கும் இடத்தில் மட்டும் பாட்டு உடையும். இரண்டு அரைச்சுர வீச்சில் கட்டிய தோடியைப் பன்னிரண்டு வீச்சில் இருக்கும் மென்பொருள் கருவியில் போட்டால், காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் போய்வருவதற்குப் பதில் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் ஊளையிட்டபடி ஓடும். பன்னிரண்டு வீச்சில் கட்டியதை இரண்டு வீச்சில் போட்டால், பஞ்சமத்துக்கு எழ வேண்டிய ஜாரு சுத்த ரிஷபத்தைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும். இயங்குதளம் மாறும்போது இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோசோடு வரும் சிந்தசைசரும் மேக்கோடு வரும் சிந்தசைசரும் ஜெனரல் மிடி வழக்கப்படி இரண்டில் தொடங்குகின்றன. தனியாக நிறுவும் மென்பொருள் கருவிகள் தங்களுக்குப் பிடித்த வீச்சில் தொடங்குகின்றன.

அதற்கு மருந்து விதிநூலிலேயே இருந்தது. 101, 100 என்ற இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் 0 அனுப்பினால் ‘இனி வருவது வளைவு வீச்சு’ என்று கருவி புரிந்துகொள்ளும். பிறகு கன்ட்ரோலர் 6இல் அரைச்சுரங்களும் 38இல் சென்டும் போகும். முடிந்ததும் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பிக் கதவை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பின்னால் வேறு எதற்காகவோ வரும் கன்ட்ரோலர் 6 வீச்சை மாற்றிவிடும். கோப்பின் தலையிலேயே இந்த ஆறு செய்திகளையும் ஒவ்வொரு சேனலுக்கும் எழுதிவைத்தவர்களின் பாடல்கள் அந்தக் கட்டளையை ஏற்கும் கருவிகளில் வீச்சு மாறாமல் ஒலித்தன. பலர் எழுதவில்லை. தங்கள் கருவியில் சரியாகக் கேட்டதும் வேலை முடிந்ததென்று விட்டார்கள்.

இன்னும் சில கோளாறுகளுக்கு எண் காரணமே இல்லை. பாட்டை நடுவில் நிறுத்தி வேறு இடத்திலிருந்து தொடங்கினால், கடைசியாகப் போன வளைவு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தைய வளைவைத் தேடிப் பார்த்து அனுப்பும் செயலிகள் இதைத் தவிர்த்துவிடும். மற்றவற்றில் அடுத்த வளைவுச் செய்தி வரும்வரை அபசுரம். பழைய மிடி கேபிளின் வேகமும் ஒரு தடை. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகத்தில் ஒரு வளைவுச் செய்தி போக ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு ஆகும். ஒரு வாத்தியத்துக்கு அது தாராளம். நாதஸ்வரம், வயலின், வீணை எல்லாம் ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் அசைந்தால் நெரிசல் ஏற்பட்டுத் தாளம் தள்ளாடும். அதனால் வளைவுச் செய்திகளை இடையிடையே நீக்கி மெலிதாக்கும் வசதியைப் பல சீக்வென்சர்கள் வைத்தன. அதிகமாக நீக்கினால் மீண்டும் படிக்கட்டு.

கோளாறு எங்கே என்று பார்க்க நம்பகமான வழி பைட்டையே பார்ப்பது. விண்டோசில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், லினக்சில் அமிடி போன்ற கருவிகள் கம்பியில் வருவதைக் காட்டும். சக்கரத்தை ஒருமுறை அசைத்து நடுவுக்கு விட்டதும் 224, 0, 64 என்று தெரிந்தால் கீபோர்டும் இயங்குதளமும் குற்றமற்றவை; தவறு செயலியிலோ ஒலிக்கும் கருவியிலோ இருக்கிறது. முதல் எண் 224 அல்லாமல் −32 என்று தெரிந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. ஜாவா போன்ற மொழிகள் பைட்டைக் குறியுள்ள எண்ணாகப் பார்ப்பதால் வரும் தோற்றம் அது. லினக்சின் அசெக்டம்ப் கருவியில் பார்த்தால் நடு 0 என்றே தெரியும், அதுவும் சரிதான்.

கமகத்தை அடியிலிருந்தே கணினிக்குச் சொல்ல முயன்றவர்களும் உண்டு. சென்னையின் எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’ மென்பொருள், கர்நாடக சுரக்குறிப்பை எழுதினால் கமகத்தோடு வாசித்துக் காட்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் கமகங்களைக் கணித வடிவில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பதிவதற்கும் கமகத்தின் இலக்கணத்தைக் கணினிக்குக் கற்றுத் தருவதற்கும் உள்ள தூரம் பெரியது. இரண்டாவது வழியில் போனவர்கள் சிலரே என்றாலும், சுப்பராம தீட்சிதர் தாளில் தொடங்கிய வேலையைத் தொடர்ந்தவர்கள் அவர்கள்தான்.

மிடியின் இன்னொரு குறை, வளைவு சேனல் முழுவதையும் பிடித்து வளைப்பது. ஷட்ஜ பஞ்சமத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சேனலில் காந்தாரத்தை அசைத்தால் சுருதியும் சேர்ந்து அசையும். இதைத் தீர்க்க ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் எம்பிஇ முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே விரலை வழுக்கி வாசிக்கும் கருவிகள் வந்துவிட்டன. லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினூயம் என்ற மெத்தைப் பலகையை ரகுமான் மேடையிலும் பதிவிலும் வாசித்திருக்கிறார். மகேஷ் ராகவன் ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியில் கர்நாடக இசை வாசிக்கிறார். எம்பிஇயில் சுரங்களுக்கான சேனல்கள் மேலும் கீழும் 48 அரைச்சுர வீச்சில் தொடங்குகின்றன. முழு 14 பிட்டில் ஒரு படி 0.6 சென்டுக்கும் குறைவு என்பதால் வழுக்கல் கெடாது. ஆனால் அந்தக் கோப்பை இரண்டு வீச்சுள்ள பழைய கருவியில் போட்டால் இருபத்துநாலில் ஒரு பங்கு அசைவுதான் மிஞ்சும். கமகமே இல்லாததுபோல் ஒலிக்கும்.

2020இல் வெளியான மிடி 2.0 வளைவை 32 பிட்டாக்கியது; நடு 2147483648. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவையும் விதிக்குள்ளேயே கொண்டுவந்தது. அந்த ஆண்டு வந்த மேக்ஓஎஸ் 11 அதை ஏற்றது. லினக்ஸ் கெர்னல் 2023இல் 6.5ஆம் பதிப்பில் ஏற்றது. ஆனால் தொப்பூருக்கு இருபுறமும் உள்ள ஊர்த் திருவிழாக்களிலும் தமிழ்நாட்டின் மற்ற மேடைகளிலும் ஒலிக்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் மிடி 1.0 பேசுபவையே. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 32 பிட் மீண்டும் 14 பிட்டாகச் சுருக்கப்பட்டு, 224, 0, 64 என்ற பழைய நடுவுக்கே வந்து சேர்கிறது. கருவி தொடங்கும் வீச்சு அப்போதும் இரண்டு அரைச்சுரமாகவே இருக்கக்கூடும் என்பதால், கோப்பின் தலையில் எழுதும் அந்த ஆறு செய்திகள் இன்றும் தேவைப்படுகின்றன.